உஷார்! கண் மங்கும் வீட்டுக்குத் தரகன் வருகிறான்

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற எல்லாக் குடும்பங்களுக்கும் இதை அவசரமாக எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்காவது பார்வை மங்கிக்கொண்டு வருகிறதா? "கண் தெரியாதவங்கன்னு பதிஞ்சு தாரேன், மாசா மாசம் பத்தாயிரம் எடுத்துத் தாரேன்" என்று யாராவது வாசலுக்கு வந்தார்களா? வந்திருந்தால், அவர்களிடம் கொடுத்த அடையாள அட்டையையும் பேங்க் புத்தகத்தையும் இன்றைக்கே திருப்பி வாங்குங்கள். மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம். முதலில் அதைச் செய்யுங்கள்.

இதை இவ்வளவு பதறிப்போய் எழுதக் காரணம், எங்கள் வீட்டிலேயே இது நடந்தது. போனது காசு மட்டுமாக இருந்திருந்தால் ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்போம். ஒரு கண்ணும் போய்விட்டது.

பெரியம்மாவுக்கு நடந்தது

பெரியம்மாவுக்கு 67 வயது. பல வருசமாகச் சீனி வருத்தம். பஸ்ஸின் பெயர்ப் பலகை தெரியவில்லை என்பதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கட்டுகஸ்தோட்டைச் சந்தியில் நின்றுகொண்டு, கண்டக்டர் கூவுகிற சத்தத்தை வைத்தே இது அக்குரணை பஸ், இது மாத்தளை பஸ் என்று பிரித்துக்கொண்டார். வீட்டில் தேத்தண்ணி ஊற்றும்போது கோப்பைக்குள் சுட்டுவிரலை விட்டுக்கொண்டுதான் ஊற்றுவார். சூடு விரலில் பட்டதும் நிறுத்துவார். அந்த விரல் நுனி எப்போதும் சிவந்துபோய் இருக்கும். படியில் இறங்கும்போது முதலில் காலால் தடவிப் பார்ப்பார். இடது பக்கமாக யாராவது வந்து நின்றால் திடுக்கிடுவார். நாங்கள் எல்லாவற்றையும் "வயசாயிட்டுது" என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிட்டோம். முதல் பிழை எங்களுடையது.

தெரிந்தவர் ஒருவர் மூலமாகத்தான் அந்த ஆள் வந்தான். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு பைல், பேச்சில் அப்படி ஒரு மரியாதை.

"அம்மா, நீங்க எங்கயும் அலைய வேணாம். ஏ.ஜி.ஏ. ஒபிஸ்ல எனக்கு ஆள் இருக்கு. ஐ.டி.யையும் பேங்க் புத்தகத்தையும் மட்டும் குடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

செலவுக்கென்று 12,000 ரூபா வாங்கினான். மூன்று தாள்களில் பெரியம்மாவிடம் கையெழுத்து வாங்கினான். இரண்டில் சிங்களத்தில் ஏதோ அச்சடித்திருந்தது. மூன்றாவது வெறும் தாள். "இதுல டொக்டர் எழுதுவாரு" என்றானாம். கையெழுத்துப் போட வேண்டிய இடம் பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. அவன்தான் விரலைப் பிடித்து இடத்தைக் காட்டியிருக்கிறான்.

போகும்போது அவன் சொன்ன ஒரு வார்த்தைதான் எங்கள் குடும்பத்தை இன்றைக்கும் எரிக்கிறது. "அம்மா, இப்போதைக்குக் கண் கிளினிக் பக்கம் போயிராதீங்க. ஆபரேஷன் கீபரேஷன்னு செஞ்சு பார்வை வந்துட்டா இந்தக் காசு கட் ஆயிரும்."

பெரியம்மா அதை நம்பினார். ஏழு மாசம் கிளினிக் போகவில்லை. கேட்டால், "திகதி மாத்திக் குடுத்துட்டாங்க" என்று எங்களிடம் பொய் சொன்னார். ஒரு மழை நாளில் வாசல் படியில் விழுந்து நெற்றி வெடித்த பிறகுதான், தங்கச்சி கட்டாயப்படுத்தி அவரைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள்.

வலது கண்ணில் இருந்தது கண்புரை. சத்திரசிகிச்சை செய்தார்கள். சில வாரங்களில், புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு அதே சந்தியில் நின்று பஸ் பலகையை எழுத்துக்கூட்டி வாசித்தார். இடது கண்ணில் இருந்தது குளுக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு அரித்துப் போயிருந்தது. "போனது இனி வராது. நேரத்தோட வந்திருந்தா சொட்டு மருந்துலயே இதைப் பிடிச்சு நிறுத்தப் பாத்திருக்கலாம்" என்றார் டொக்டர்.

யோசித்துப் பாருங்கள். காசு கட் ஆகிவிடும் என்று பயந்து, குணமாகிற கண்ணையும் குணமாக்காமல், காப்பாற்றக்கூடிய கண்ணையும் காப்பாற்றாமல் ஏழு மாசம் இருட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த ஏழு மாசத்தில் காசும் ஒரு சதம் வரவில்லை.

இந்த விசயத்துக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கண். இரண்டாவது காகிதம். கடைசியில்தான் காசு. தரகன் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கிறான். காசை முதலில் காட்டுகிறான், காகிதத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறான், கண்ணைப் பற்றிப் பேசவே விடுவதில்லை. யாராவது உங்களிடம் காசில் பேச்சைத் தொடங்கினால், அந்த இடத்திலேயே உஷாராகிவிடுங்கள்.

"கண் தெரியாதவர்" என்று பதிவது என்றால் என்ன?

ஏமாற்றுக்காரனுக்கு இடம் கொடுப்பது நம்முடைய ஒரு குழப்பம். லண்டனில் இருக்கிற சொந்தக்காரர் போனில், "அம்மாவ பிளைண்ட்னு ரெஜிஸ்டர் பண்ணியாச்சா?" என்று கேட்பார். அங்கே கண் வைத்திய நிபுணர் ஒரு சான்றிதழை நிரப்பி அனுப்புகிறார். உள்ளூர்ச் சபை அதை வைத்து, பார்வை குறைந்தவர் என்றோ மிகக் கடுமையாகக் குறைந்தவர் என்றோ பதிவேட்டில் சேர்க்கிறது. தமிழ்நாட்டில் இருக்கிற உறவு, யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அட்டை எடுத்தாயிற்றா என்று கேட்கும். 2016ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தின்படி அங்கே பல சலுகைகளுக்கு 40 வீதக் குறைபாடு என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.

நம் நாட்டில், டொக்டர் ஒரு கடிதம் எழுதியதும் எல்லாம் தானாக வீட்டுக்கு ஓடி வருகிற முறை இல்லை. கொடுப்பனவு ஒரு விண்ணப்பம், வெள்ளைப் பிரம்பு இன்னொரு கோரிக்கை, பிள்ளையின் பரீட்சைக்கு மேலதிக நேரம் வேறொரு விண்ணப்பம், வாக்குச்சாவடிக்கு உதவியாளரைக் கூட்டிக்கொண்டு போக மற்றொரு படிவம். ஒவ்வொன்றையும் நாமே கேட்க வேண்டும். இந்த அலைச்சலைத்தான் தரகன் விற்கிறான். "வெளிநாடு மாதிரி ஒரே கார்ட், எல்லாம் அதுலயே வரும்" என்று சொல்பவனை நம்பாதீர்கள்.

வாசல் எது என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பிரிவின் கிராம சேவகர். அதற்கு மேலே, ஏ.ஜி.ஏ. ஒபிஸ் என்று நாம் சொல்கிற பிரதேச செயலகத்தில் இருக்கிற சமூக சேவை உத்தியோகத்தர். இந்த இருவரும்தான் வாசல். இந்த விண்ணப்பங்களுக்குத் தரகன் தேவையே இல்லை. கட்டுகஸ்தோட்டைக்காரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஊர்ப் பெயர் ஒன்றாக இருந்தாலும் செயலகம் ஒன்றல்ல. ஆற்றுக்குக் கண்டிப் பக்கமாக நகர எல்லைக்குள் இருப்பவர்கள் கண்டி கங்கவட்ட கோறளைப் பக்கம் சேர்வார்கள். சுற்றியுள்ள ஊர்கள் ஹாரிஸ்பத்துவ, பாத்ததும்பர என்று பிரிந்து கிடக்கின்றன. பிழையான செயலகத்தில் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்து திரும்புகிற களைப்பில்தான், "நான் செஞ்சு தாரேன்" என்பவனின் சொல் தேனாக இனிக்கும். உங்கள் கிராம சேவகர் பிரிவின் பெயரையும் இலக்கத்தையும் முதலில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண்

இலங்கையில் 40 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 2013, 2014ஆம் ஆண்டுகளில் நடத்திய தேசிய ஆய்வில், பார்வையின்மைக்கு முதற்காரணமாகத் தெரியவந்தது கண்புரை. அது சத்திரசிகிச்சையால் தீரக்கூடியது. அரசாங்க ஆஸ்பத்திரியில் அதற்குக் கட்டணமும் இல்லை. தீர்க்கக்கூடிய இருட்டில் இருக்கிற ஒருவரை "கண் தெரியாதவர்" என்று பதிய ஓடுவது, கால் சுளுக்கியவருக்குச் சக்கர நாற்காலி வாங்கிக் கொடுத்துவிட்டு வைத்தியரைக் காட்டாமல் விடுவது போல.

குளுக்கோமா அப்படியல்ல. அது திருடன் மாதிரி ஓரமாக வரும். முதலில் பக்கப் பார்வை போகும், நடுப் பார்வை கடைசி வரைக்கும் நிற்கும். அதனால் கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைக் கடகடவென்று வாசித்துவிடுவார்கள். வீட்டுக்கு வந்து கதவு நிலையில் தோளை இடிப்பார்கள். பெரியம்மா இடது பக்கம் திடுக்கிட்டதன் அர்த்தம் எங்களுக்கு இப்போதுதான் புரிகிறது. வீட்டில் ஒருவருக்குக் குளுக்கோமா இருந்தால், கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் நோ, எரிவு எதுவும் இல்லாவிட்டாலும் போய்க் காட்ட வேண்டும். கண்ணின் அழுத்தம் பார்ப்பதோடு, பார்வைப் பரப்பைச் சோதிக்கிற மெசினிலும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு, வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பட்டனை அமுக்குவதுதான் அந்தச் சோதனை.

சீனி வருத்தக்காரர்கள் வருசத்துக்கு ஒரு தடவையாவது கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்க வேண்டும். சீனியால் விழித்திரையில் இரத்தம் கசியத் தொடங்கும்போது பார்வை நன்றாகவே இருக்கும். மங்கிய பிறகு போனால் பாதி நேரம் கடந்துவிட்டிருக்கும். சொட்டு விட்ட அன்றைக்குச் சில மணி நேரம் கண் கூசும். மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு, துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போங்கள்.

"நுவரெலியாவில கண் போச்சே, ஆபரேஷனுக்குப் பயமா இருக்கு" என்று சொல்கிறவர்களைச் சந்தையிலும் கோயிலிலும் கேட்கிறேன். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் நுவரெலியா ஆஸ்பத்திரியில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலரின் பார்வை, பிறகு விட்ட பிரெட்னிசோலோன் சொட்டு மருந்தில் கிருமி இருந்ததால் பாதிக்கப்பட்டது. அந்த மருந்து பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. ஆனால் அதிலிருந்து எடுக்க வேண்டிய பாடம் ஆபரேஷன் வேண்டாம் என்பதல்ல. ஆபரேஷனுக்குப் பிறகு கண் சிவந்தால், வலித்தால், பார்வை திடீரென்று மங்கினால் அடுத்த கிளினிக் திகதி வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஓட வேண்டும் என்பதுதான். விட்ட மருந்துப் போத்தலை எறியாமல் கையோடு கொண்டுபோங்கள்.

தாய்ப்பால், விளக்கெண்ணெய், மூலிகைச் சாறு என்று கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள். சொல்பவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் விடாதீர்கள்.

இரண்டாவது, காகிதம்

கண் டொக்டர் பார்த்து முடித்து, "இதுக்கு மேல பார்வை கூடாது" என்று சொன்ன பிறகுதான் பதிவுக் காகிதத்துக்கு நேரம் வருகிறது. அப்போது ஒரு நாளும் தாமதிக்காதீர்கள்.

கிளினிக் கொப்பியில் 6/18, 6/60, 3/60 என்று எழுதுவார்கள். அதை வாசிக்கத் தெரிந்தால் ஏமாற்றுவது கஷ்டம். 6/60 என்றால், நல்ல கண்காரர் 60 மீற்றர் தூரத்தில் நின்று வாசிப்பதை இவர் 6 மீற்றருக்கு வந்துதான் வாசிக்கிறார் என்று அர்த்தம். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்படி, கண்ணாடி போட்டும் 6/18க்குக் கீழே என்றால் மிதமான பார்வைக் குறைபாடு. 6/60க்குக் கீழே என்றால் கடுமையான குறைபாடு. 3/60க்குக் கீழே என்றால் பார்வையின்மை. இரண்டு கண்ணில் நன்றாகத் தெரிகிற கண்ணைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அதனால் "ஒரு கண் போயிட்டுது, குருடுன்னு பதிஞ்சிரலாம்" என்பதும் தரகன் பேச்சுத்தான். இந்தியாவிலும், ஒரு கண் முழுக்கப் போய் மறு கண் நன்றாக இருந்தால் 30 வீதம்தான் கணக்கு. 40 வீதக் கோட்டை அது எட்டாது.

எழுத்துப் பலகையில் நன்றாக வாசித்தாலும் பக்கப் பார்வை சுருங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பார்வைப் பரப்புச் சோதனையின் தாளைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். அந்தத் தாள் இல்லாவிட்டால், "உங்களுக்குத்தான் தெரியுதே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

ஒரு பைல் போடுங்கள். கிளினிக் கொப்பி, டயக்னோசிஸ் காட், சத்திரசிகிச்சை செய்திருந்தால் அதன் விபரம், தேசிய அடையாள அட்டையின் பிரதி, கிராம சேவகர் தந்த கடிதம். மூலத்தை எப்போதும் வீட்டில் வையுங்கள், கொடுப்பது பிரதியாக இருக்கட்டும். எந்த விண்ணப்பத்தைக் கொடுத்தாலும் அதன் போட்டோகொப்பியில் அலுவலகத்தின் திகதி முத்திரை வாங்குங்கள். கொடுத்ததற்குச் சாட்சி அந்த முத்திரைதான். மருத்துவச் சான்றிதழ் அரசாங்க டொக்டர் கையால் வர வேண்டும். கண்ணாடிக் கடைச் சீட்டு அதற்குப் போதாது.

வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள், கைநாட்டும் வைக்காதீர்கள். கடன் பத்திரத்துக்கும், அற்றோணித் தத்துவத்துக்கும், காணி உறுதிக்கும் அந்தக் கையெழுத்துத்தான் தேவை. பார்வை இல்லாதவரின் கையெழுத்துக்கும் எல்லாருடைய கையெழுத்துக்கும் இருக்கிற அதே பெறுமதிதான். எழுதியிருப்பதை, அந்த ஆளுக்குச் சம்பந்தமில்லாத ஒருவர் முழுக்கச் சத்தமாக வாசித்துக் காட்டிய பிறகு போடுங்கள்.

சிங்களப் படிவத்தைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் நம்மில் பலர் தரகனின் கையைப் பிடிக்கிறோம். அரசியலமைப்பின் 22ஆவது உறுப்புரை, சிங்களம் நிருவாக மொழியாக இருக்கிற பகுதியிலும் தமிழில் அலுவல் செய்யவும் தமிழில் பதில் வாங்கவும் நமக்கு உரிமை கொடுத்திருக்கிறது. கண்டியிலும் அது செல்லும். "சேர், தமிழ் போம் ஒன்னு தாங்க" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? இல்லையென்றால், தமிழில் ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள். மொழிப் பிரச்சினைக்கு 1956 என்ற அரசாங்க இலக்கம் இருக்கிறது.

கொடுத்த விண்ணப்பம் என்ன ஆயிற்று என்று யாரும் சொல்லாவிட்டால், தரகனைத் தேடாதீர்கள். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் உங்கள் கோரிக்கைக்கு ஒரு முடிவு சொல்ல வேண்டும். இதைத் தனியாளாக நீங்களே செய்யலாம்.

கடைசியில்தான் காசு

ஏமாற்றுக்காரர்கள் பிடித்துக்கொண்டிருக்கிற இலக்கம் 10,000. அது பொய்யல்ல. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம், குறைந்த வருமானமுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு மாசம் 7,500 ரூபாவாக இருந்த கொடுப்பனவை 10,000 ஆக உயர்த்தியது. பாதி உண்மையில்தான் முழுப் பொய்யைச் சுற்றிக் கொடுக்கிறார்கள். அவர்கள் சொல்லாத பாதி: கொடுப்பனவுக்கு வீட்டு வருமானமும் பார்ப்பார்கள். பார்வை குறைந்தவர் எல்லாருக்கும் தானாகக் கிடைப்பதில்லை. தெரிவானாலும் வரிசையில் காத்திருக்க வேண்டி வரலாம். எந்தத் தரகனாலும் அந்த வரிசையைக் குறுக்க முடியாது. குறுக்கித் தருகிறேன் என்று அரச உத்தியோகத்தர் ஒருவரே காசு கேட்டால் அது இலஞ்சம். இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

இப்போது போனிலும் வருகிறார்கள். "அஸ்வெசும ஒபிஸிலிருந்து பேசுறோம், உங்க கண் கொடுப்பனவு பாஸ் ஆயிட்டுது, போனுக்கு வந்த ஆறு இலக்கத்தச் சொல்லுங்க" என்பார்கள். பார்வை இல்லாதவர் அந்த இலக்கத்தை வாசிக்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுவார். பிள்ளையும் உதவியென்று நினைத்துச் சத்தமாக வாசித்துவிடும். கணக்கில் இருந்தது அத்தோடு போய்விடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்: பாட்டிக்கு வருகிற இலக்கத்தை யாருக்கும் வாசிக்கக் கூடாது. சந்தேகம் என்றால் போனை வைத்துவிட்டு, அஸ்வெசுமவை நடத்துகிற நலன்புரி நன்மைகள் சபையின் 1924க்கு நீங்களாகவே கோல் எடுங்கள். எந்த அரச அலுவலகம் என்று தெரியாவிட்டால் 1919.

ஏ.டி.எம். கார்டும் பின் நம்பரும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது. சொந்த மகனிடமாக இருந்தாலும், எடுத்த ஒவ்வொரு தடவையும் துண்டு வாங்கி வைக்கச் சொல்லுங்கள். குடும்பத்துக்குள்ளேயும் இது நடக்கிறது. சொல்லக் கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

அரைப் பார்வைக்காரரே, உங்களைத்தான்

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில், பார்ப்பதில் சிரமம் இருக்கிறது என்று சொன்னவர்கள் 9 இலட்சத்து 96 ஆயிரத்துக்கும் அதிகம். அதில் பெரும்பாலானவர்கள் முழு இருட்டில் இருப்பவர்கள் அல்ல. பாதி தெரிபவர்கள். "நான் என்ன குருடா?" என்று கேட்டு எங்கேயும் பதியாமல், எதையும் கேட்காமல் இருப்பவர்கள். ஆபத்து அதிகம் அவர்களுக்குத்தான். திரீவீல் ஓட்டுகிறவர் பார்வை குறைந்ததை மறைத்துக்கொண்டு இராத்திரியில் ஏ9 வீதியில் ஓட்டுகிறார். தையல்காரர் ஊசி கோர்க்க முடியாததை மறைக்கிறார். பிள்ளை முதல் வாங்கில் உட்கார்ந்தும் கரும்பலகை தெரியாமல், "படிப்பு ஏறாத பிள்ளை" என்று பெயர் வாங்குகிறது.

அந்தப் பிள்ளையை நினைத்தாவது வெட்கத்தை விடுங்கள். பெரிய எழுத்து வினாத்தாள், பிரெயில், மேலதிக நேரம் எல்லாவற்றுக்கும் பரீட்சைத் திணைக்களத்துக்கு முன்கூட்டியே மருத்துவ அறிக்கையோடு விண்ணப்பிக்க வேண்டும். பரீட்சைக்கு முதல் வாரம் ஓடினால் நடக்காது. பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்திலும் விசேட அனுமதி ஏற்பாடு இருக்கிறது. தமிழில் படிக்க யாழ்ப்பாணத்தில் கைதடி நபீல்ட் பாடசாலை இருக்கிறது, சுன்னாகத்தில் வாழ்வகம் இருக்கிறது. இரத்மலானையில் இருக்கிற விழிப்புலனற்றோர் பாடசாலை 1912இலேயே தொடங்கிவிட்டது. வழி இல்லாமல் இல்லை. காகிதம் கையில் இல்லாததால் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்கிறோம்.

பெரியவர்களுக்கும் உரிமை எழுத்தில் இருக்கிறது. அரச சேவை வெற்றிடங்களில் 3 வீதம் மாற்றுத்திறனாளிகளுக்கு என்று 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சுற்றறிக்கை சொல்கிறது. வேலைக்கும் படிப்புக்கும் எடுக்கும்போது குறைபாட்டைக் காட்டி ஒதுக்கக் கூடாது என்று 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. விழிப்புலனற்றோருக்கென்று 1992இலேயே 9ஆம் இலக்கச் சட்டத்தால் ஒரு நம்பிக்கை நிதியம் உண்டாக்கினார்கள். வெள்ளைப் பிரம்பு வேண்டுமென்றால் அதைப் பற்றிச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள். 2011ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டத்தின்படி, நீங்கள் நம்பும் ஒருவரை வாக்குச்சாவடிக்குள் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கும் முன்கூட்டியே மருத்துவ உறுதிப்படுத்தல் வேண்டும். தேர்தல் நாள் காலையில் போய்க் கேட்காதீர்கள். 2024 நவம்பரில் சுகத் வசந்த டி சில்வா நாடாளுமன்றத்துக்குப் போனார். பார்வை இல்லாதவர்தான். "கண் இல்லாதவன் என்ன செய்யப் போறான்" என்று இனி எந்த வீட்டிலும் சொல்லாதீர்கள்.

ஏற்கனவே மாட்டியிருந்தால்

முதலில் பேங்குக்குப் போங்கள். கார்டை நிறுத்தச் சொல்லுங்கள், புத்தகம் வேறு ஆளிடம் இருக்கிறது என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்ததாகப் பொலிசில் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தை வாங்குங்கள். மூன்றாவதாகப் பிரதேச செயலகத்தில், "இந்த ஆளுக்கு என் சார்பில் எந்த அதிகாரமும் இல்லை" என்று ஒரு கடிதம் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அதன் பிறகு, தாமதமாகிவிட்டது என்று எண்ணாமல் கண் கிளினிக்குக்குப் போங்கள். விட்ட கிளினிக்கை நினைத்து டொக்டர் ஏசுவாரோ என்று பயந்து போகாமல் இருப்பவர்கள் பலர். ஒரு ஏச்சு வாங்கிக் கண்ணைக் காப்பாற்றுவது பெரிய நட்டமா?

எங்கள் பெரியம்மாவின் பேங்க் புத்தகம் திரும்பிக் கிடைத்தது. 12,000 ரூபா கிடைக்கவில்லை. சிங்களத்தில் அச்சடித்த இரண்டு தாள்களும் அந்த ஆளின் பைலிலேயே, எந்த அலுவலகத்துக்கும் போகாமல் இருந்தன. மூன்றாவது தாள் மட்டும் இல்லை. எங்கேயோ விழுந்துவிட்டது என்கிறான். கீழே பெரியம்மாவின் கையெழுத்து, மேலே முழுக்க வெறுமை. அந்தத் தாள் இன்றைக்கும் யாரிடமோ இருக்கிறது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் பெரியம்மா எழுந்து வாசலுக்கு வந்துவிடுகிறார். வருகிற ஒவ்வொரு கடித உறையையும் வலது கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்த பிறகுதான் உள்ளே போகிறார்.